பெரிய முடிவுக்கு முன் சூழலைப் படிப்பது எப்படி?

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு போடும் விவசாயிக்கு வருடத்தில் ஒரு தடவைதான் மொத்தமாகப் பணம் வரும். கரும்பை வெட்டி ஆலைக்கு ஏற்றி, ஆலை பணம் கொடுத்த பிறகு கை கொஞ்சம் தாராளமாக இருக்கும். அதற்கு முந்தைய மாதங்கள் இழுபறிதான். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் என்ற நான்கு ஆய்வாளர்கள் இந்தப் பகுதியின் 54 கிராமங்களில் 464 விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சந்தித்தார்கள். முன்பு போனபோது நூற்றுக்கு 78 பேர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். பின்பு போனபோது 4 பேர்தான்.

இரண்டு தடவையும் அவர்களுக்குப் படப் புதிர்கள் கொடுக்கப்பட்டன. வடிவங்களைப் பார்த்து, விடுபட்ட துண்டு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அறுவடைக்கு முன் பத்துக்குச் சராசரியாக 4.35 சரியாகப் போட்டார்கள். பணம் வந்த பிறகு 5.45. ஆலையின் வெட்டு உத்தரவு ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் வருவதால், வெயில் காலம், பண்டிகை மாதம் என்று காரணம் காட்டவும் வழியில்லை. இரண்டாம் தடவை என்பதால் பழகிவிட்டதோ என்ற சந்தேகத்துக்கு, அறுவடைக்குப் பின் முதன்முதலாகப் புதிர் போட்டவர்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2013இல் இது சயன்ஸ் இதழில் வந்தது.

அதே ஆள், அதே மூளை. மாறியது அவர் நின்ற இடம். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஆராயும் துறை ஒன்று இருக்கிறது; அது சொல்லும் விஷயங்களில் முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். நம் முடிவு நம் குணத்திலிருந்தும் அறிவிலிருந்தும் மட்டும் பிறப்பதில்லை. கேள்வி எந்த நேரத்தில் வந்தது, எந்தச் சொற்களில் வந்தது, முதலில் காதில் விழுந்த எண் எது, பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். இவற்றை முழுதாகத் தவிர்க்க முடியாது. ஆனால் கவனித்துப் பார்க்கப் பழகலாம். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும். கடன், நகை, நிலம், அறுவை சிகிச்சை, பிள்ளைகளின் படிப்பு மாதிரியான முடிவுகளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். கத்திரிக்காய் வாங்க இவ்வளவு வேண்டாம்.

படி 1: எப்போது முடிவெடுப்பது என்பதை முதலில் தீர்மானியுங்கள்

மேலே சொன்ன ஆய்வைப் படித்துவிட்டு, "ஏழைகளுக்கு முடிவெடுக்கத் தெரியாது" என்று சொல்பவர் அதைத் தலைகீழாகப் படித்திருக்கிறார். அதே விவசாயிதான் சில மாதங்கள் கழித்து நன்றாகப் புதிர் போட்டார். பணக் கவலை மனதில் இடம் பிடித்துக்கொள்கிறது, மீதமிருக்கும் இடத்தில்தான் மற்ற யோசனை எல்லாம் நடக்க வேண்டியிருக்கிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். இதையும் சொல்ல வேண்டும்: அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஆட்களைச் சோதித்து 2016இல் வெளியான வேறோர் ஆய்வு, அறிவுத்திறனில் இப்படி ஒரு வேறுபாட்டைக் காணவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை பணம் பார்ப்பவரின் நெருக்கடியும் மாதாமாதம் சம்பளம் வாங்குபவரின் நெருக்கடியும் ஒன்றல்ல என்பதால் இரண்டு முடிவுகளும் பொருந்தி வரக்கூடும் என்பது என் கருத்து.

நடைமுறையில் செய்ய வேண்டியது, முடிவெடுக்கும் நாளையும் பணம் தேவைப்படும் நாளையும் பிரித்து வைப்பது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும் என்று ஜனவரியிலேயே தெரியும். கை கொஞ்சம் இளகியிருக்கும் ஒரு நாளில், போனஸ் வந்த வாரத்திலோ அறுவடை முடிந்த பிறகோ, மூன்று இடங்களில் விசாரியுங்கள்: கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வட்டி எவ்வளவு, வங்கியில் எவ்வளவு, பக்கத்து அடகுக்கடையில் எவ்வளவு. நோட்டில் எழுதி வையுங்கள். "அவசரம் வந்தால் முதலில் இங்கே, இல்லையென்றால் இங்கே, இதற்கு மேல் வட்டி என்றால் கூடாது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நெருக்கடி வரும்போது புதிதாக யோசிக்காமல் நோட்டைத் திறந்தால் போதும்.

அவசரம் சொல்லாமல் வந்துவிட்டால்? மருத்துவமனையில் நிற்கிறீர்கள், அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். அப்போது பதற்றத்தில் இல்லாத ஒருவருக்கு போன் செய்து, நிலைமையை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். இன்னொருவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும்போதே விடுபட்ட விவரம் நமக்குத் தட்டுப்படும்.

படி 2: கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

இந்தத் துறைக்கு வலுவான அடித்தளம் போட்டவர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள். கானமன் 2002இல் பொருளாதார நோபல் வாங்கினார். ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே 1996இல் இறந்துவிட்டார். 1981இல் அவர்கள் கேட்ட கேள்வி பிரபலமானது. ஒரு நோயால் 600 பேர் சாகலாம். இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. முதல் திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள். இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு 600 பேரும் பிழைக்க, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு யாருமே பிழைக்காமல் போக. 72 சதவீதம் பேர் நிச்சயமானதை எடுத்தார்கள். வேறு குழுவிடம் அதே கணக்கை "முதல் திட்டத்தில் 400 பேர் இறப்பார்கள்" என்று மாற்றிக் கேட்டபோது, அதை எடுத்தவர்கள் 22 சதவீதம்தான். 600இல் 200 பேர் பிழைப்பதும் 400 பேர் இறப்பதும் ஒன்றுதானே? கணக்கில் ஒன்று. மனசுக்கு ஒன்றாகப் படவில்லை.

படித்தவர்கள் தப்பித்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 1982இல் நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையா, கதிர்வீச்சா என்று ஒரு கேள்வியை மருத்துவர்களிடமே வைத்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் மாதத்தில் 90 சதவீதம் பேர் உயிரோடு இருப்பார்கள் என்று சொன்னபோது 84 சதவீத மருத்துவர்கள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 10 சதவீதம் பேர் இறப்பார்கள் என்று சொன்னபோது பாதிப்பேர்தான்.

ஆகவே, உங்களிடம் ஒரு வாக்கியம் வந்தால் அதன் மறுபக்கத்தை நோட்டில் எழுதுங்கள். "90 பேர் நன்றாக இருக்கிறார்கள்" என்றால் பக்கத்திலேயே "10 பேர் இறக்கிறார்கள்". இரண்டையும் பார்த்த பிறகும் அதே முடிவுதான் தோன்றுகிறதென்றால் தைரியமாகப் போகலாம். மாறுகிறதென்றால், இதுவரை முடிவு செய்தது நீங்கள் இல்லை, அந்த வாக்கியம்.

இதன் இன்னொரு வடிவம்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. "ஆபத்து இரட்டிப்பாகும்", "பாதியாகக் குறையும்" என்று வரும் செய்திகள். 1995 அக்டோபரில் பிரிட்டனில், ஒரு வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரட்டிப்பாகிறது என்று அறிவிப்பு வந்தது. எத்தனையிலிருந்து எத்தனை? 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு. ஆனால் காதில் விழுந்தது "இரட்டிப்பு" மட்டும்தான். பல பெண்கள் பயந்து மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடுதலாக நடந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த மாத்திரையைவிடக் கர்ப்பகாலத்தில்தான் இரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்பது இதில் கூடுதல் வேதனை.

டாக்டரிடம் போகும்போது இந்த மூன்று கேள்விகளை எழுதி எடுத்துப் போங்கள்: "என்னை மாதிரி நூறு பேர் இதைச் செய்தால் எத்தனை பேருக்கு நல்லபடியாக முடிகிறது? எத்தனை பேருக்குச் சிக்கல் வருகிறது? செய்யாமல் விட்டால் அந்த நூறு பேருக்கு என்ன ஆகும்?" மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அதுதான் ரொம்ப அவசியம்.

படி 3: சதவீதத்தை ரூபாயாக்குங்கள்

அதே 1981 ஆய்வில் இன்னொரு கேள்வி. 15 டாலர் கால்குலேட்டர் ஒன்று வாங்கப் போகிறீர்கள். 20 நிமிடம் வண்டி ஓட்டினால் வேறு கிளையில் 10 டாலருக்குக் கிடைக்கும். போவீர்களா? 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். கால்குலேட்டர் விலை 125 டாலர், அங்கே 120 என்று மாற்றியபோது 29 சதவீதம். மிச்சமாவது அதே 5 டாலர், ஓட்ட வேண்டியது அதே 20 நிமிடம்.

நம் ஊரில் இதற்குப் பொருத்தமான இடம் நகைக்கடை. பத்து சவரன் என்றால் 80 கிராம். சேதாரம் 12 சதவீதம் என்றால் 9.6 கிராம், 11 சதவீதம் என்றால் 8.8 கிராம். அந்த "ஒரு பர்சன்ட்" என்பது 0.8 கிராம் தங்கம், அதாவது பத்தில் ஒரு பங்கு சவரன். அன்றைய விலையால் பெருக்கிப் பாருங்கள். லட்சங்கள் புரளும் பில்லில் அது சிறிதாகத் தெரிகிறது, அதே தொகையை மளிகைக் கடையில் யாராவது கூடுதலாகக் கேட்டால் விடுவோமா? கல்யாண நகை வாங்கப் போகும் வீடுகளில் ஒருவருக்கு இந்த வேலையை மட்டும் கொடுத்துவிடலாம்: சதவீதமாக வரும் எல்லாவற்றையும் கிராமாக்கி, ரூபாயாக்கிச் சத்தமாகச் சொல்வது.

படி 4: உங்கள் எண்ணை நீங்கள் முதலில் எழுதுங்கள்

1974இல் ட்வெர்ஸ்கியும் கானமனும் ஒரு சுழல் சக்கரத்தை வைத்துக்கொண்டு சோதனை செய்தார்கள். அது 10இல் அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி செய்யப்பட்டது. சக்கரம் நின்றதும், ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்களின் நடுத்தர மதிப்பீடு 25. 65 பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தும் இழுத்துவிட்டது. மனை காட்டும் புரோக்கர் சொல்லும் முதல் விலைக்கும் மனைக்கும் சம்பந்தம் உண்டு என்று நாம் நம்புகிறோம், ஆகவே அது இன்னும் பலமாக இழுக்கும்.

மனை பார்க்கப் போகுமுன், தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்தில் அந்த இடத்தின் வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். சர்வே எண் தெரிந்தால் வில்லங்கச் சான்றையும் அங்கேயே பார்க்கலாம்; அதே சர்வே எண்ணில் உள்ள மனைகள் எந்த வருடம் எவ்வளவுக்குப் பதிவாயின என்பது அதில் இருக்கும். பத்திரத்தில் எழுதும் தொகை உண்மை விலையைவிடக் குறைவாக இருப்பதும் உண்டு, ஆகவே அந்தப் பகுதியில் அண்மையில் வாங்கிய இரண்டு பேரிடம் விசாரியுங்கள். அப்புறம் உங்கள் உச்சவரம்பை நோட்டில் எழுதுங்கள். எழுதிய பிறகுதான் புரோக்கரைச் சந்திக்க வேண்டும். வரிசை மாறினால் பயன் போய்விடும்.

கடைகளில் மூன்று அளவு, மூன்று திட்டம் என்று வைத்திருந்தால், நீங்கள் எப்படியும் வாங்கப் போகாத ஒன்றை அடித்துவிட்டு மீதி இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள். யாரும் எடுக்காத மூன்றாவது ஒன்று பக்கத்திலிருப்பதை நல்லதாகக் காட்டிவிடும் என்பதை 1982இலேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள்.

படி 5: "சும்மா இருந்தால் என்ன நடக்கும்?"

ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் பக்கத்துப் பக்கத்து நாடுகள், பேசுவது ஒரே மொழி. 2003இல் எரிக் ஜான்சனும் டேனியல் கோல்ட்ஸ்டீனும் வெளியிட்ட கணக்கில், உடலுறுப்பு தானத்துக்குச் சம்மதித்தவர்களாகக் கொள்ளப்பட்டவர்கள் ஜெர்மனியில் 12 சதவீதம். ஆஸ்திரியாவில் 99.98 சதவீதம். ஜெர்மானியர் கல்நெஞ்சர்கள் இல்லை. அங்கே சம்மதம் என்றால் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் சம்மதம் இல்லை என்றால்தான் சொல்ல வேண்டும். எதுவும் செய்யாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதை யாரோ முன்பே எழுதி வைத்துவிட்டார்கள், பெரும்பாலானோர் அங்கேயே நின்றுவிட்டார்கள். பதிவேட்டில் சம்மதம் இருப்பதும் உண்மையில் உறுப்பு கிடைப்பதும் வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது. அதற்கு மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர்கள் வேண்டும், குடும்பத்தோடு பேசப் பழகியவர்கள் வேண்டும்.

நம் வாழ்க்கையிலும் இப்படி முன்பே எழுதி வைத்தவை நிறைய. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய வருமான வரி முறைதான் தானாகப் பொருந்துகிறது. பழைய முறை வேண்டுமென்றால் நீங்கள்தான் கேட்க வேண்டும். வீட்டுக்கடன் வட்டி, வாடகைப்படி என்று பழைய முறையில் கழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு வருடமும் இரண்டு கணக்கையும் போட்டுப் பார்க்காமல் விடக் கூடாது. வெகு பேருக்குப் புதியதே லாபமாக இருக்கலாம். ஆனால் அது கணக்கிலிருந்து வந்த முடிவாக இருக்கட்டும்.

இணையத்தில் வாங்கும்போது இந்தப் படிக்குக் கூடுதல் கவனம் தேவை. கேட்காத காப்பீடு ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருப்பது, கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டணம் முளைப்பது, "இன்னும் 2 மட்டுமே உள்ளன" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சந்தாவில் சேர ஒரு தட்டும் வெளியேற பத்துத் தட்டும் வைப்பது. இவற்றை டார்க் பேட்டர்ன் என்கிறார்கள். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். சொல்லுங்கள், தயங்க வேண்டாம். அப்படியே உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் ஆட்டோபே பட்டியலைத் திறந்து, பயன்படுத்தாத சந்தாக்களை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

படி 6: சுற்றி நிற்பவர்களை எண்ணுங்கள்

1950களில் சாலமன் ஆஷ் செய்த சோதனையில், எந்தக் கோடு நீளம் என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய கேள்விக்கே, கூட இருந்தவர்கள் எல்லாரும் தப்பாகச் சொன்னால் நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது ஒத்துப்போனார்கள். ஒரே ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டால் அந்த ஒத்துப்போதல் வெகுவாகக் குறைந்தது. 1968இல் இன்னொரு சோதனை: அறைக்குள் புகை வருகிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து சொன்னார்கள். அசையாமல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரோடு இருந்தவர்களில் 10 சதவீதம்தான்.

கண்ணுக்கெதிரே இருப்பதிலேயே இப்படி என்றால், பிளஸ் டூ முடித்த பிள்ளை எந்தப் படிப்பில் சேர்வது என்று வீட்டில் கூடிப் பேசும்போது என்ன ஆகும்? பெரியப்பா முதலில் "கம்ப்யூட்டர் சயின்ஸ்தான்" என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதைச் சுற்றித்தான் பேசுவார்கள். ஆகவே பேச்சு தொடங்கும் முன் எல்லாரும் தங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதிவிடட்டும். முதலில் பிள்ளை தன் தாளைப் படிக்கட்டும், வயதில் மூத்தவர் கடைசியாக. பெரியவர்களுக்கு இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை; எல்லாரையும் கேட்ட பிறகு அவர்கள் சொல்வதற்குத்தான் எடை அதிகம். மாற்றுக் கருத்து உள்ள ஒருவரையாவது கூப்பிட்டு உட்கார வையுங்கள். அந்த ஒருவர் இருந்தால்தான் பிள்ளைக்கு வாய் திறக்கும்.

எதையெல்லாம் நம்பலாம்?

இந்தத் துறையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தால் சுவாரசியமான கதைகள் நிறைய வரும். எல்லாவற்றுக்கும் ஒரே பலம் கிடையாது. 24 வகை ஜாம் வைத்தால் வெகு சிலரே வாங்குகிறார்கள், 6 வகை வைத்தால் அதிகம் பேர் வாங்குகிறார்கள் என்று 2000இல் ஓர் ஆய்வு வந்தது. பிறகு 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2010 ஆய்வில் அந்த விளைவு சராசரியாகப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பசியோடு இருந்த இஸ்ரேல் நீதிபதிகள் பரோல் தர மறுத்தார்கள் என்ற 2011 ஆய்வும் அப்படித்தான். வழக்குகள் வந்த வரிசையே தற்செயலானதில்லை, வக்கீல் இல்லாதவர்களின் வழக்குகள் கடைசியில் வந்தன என்று விரைவிலேயே ஆட்சேபம் எழுந்தது. சொற்களின் விளைவு, முதல் எண்ணின் இழுப்பு, சும்மா இருப்பதன் பலம் ஆகியவை பல இடங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்டவை. புதிதாகப் படிப்பவர்கள் இந்த மூன்றிலிருந்து தொடங்குவது நல்லது.

படி 7: சூழலை நீங்களே அமையுங்கள்

ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் அமெரிக்கத் தொழிலாளர்களிடம், "இப்போது சேமிக்க வேண்டாம், அடுத்த சம்பள உயர்வு வரும்போது அதில் ஒரு பங்கு தானாகச் சேமிப்புக்குப் போகட்டுமா?" என்று கேட்கவைத்தார்கள். விலக விரும்பினால் எப்போதும் விலகலாம். சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. 2004இல் வெளியான கணக்கு இது. கையில் இருப்பதை இழப்பதுதான் வலிக்கிறது. இன்னும் கைக்கு வராத உயர்வில் ஒரு பங்கைத் தருவது அவ்வளவாக வலிப்பதில்லை.

நீங்களும் செய்யலாம். சம்பளம் வரும் தேதிக்கு மறுநாள் தொடர் வைப்புக்குப் பணம் தானாகப் போகும்படி வங்கியில் சொல்லி வையுங்கள். இன்கிரிமென்ட் வரும் மாதத்தை நோட்டில் குறித்து, அந்த மாதத்திலிருந்து தொகை இவ்வளவு கூட வேண்டும் என்று இப்போதே முடிவு செய்யுங்கள். எது எளிதாக நடக்கக் கூடாதோ அதைக் கொஞ்சம் சிரமமாக்குங்கள்: ஷாப்பிங் ஆப்களில் சேமித்து வைத்த கார்டை நீக்கிவிடுங்கள், அவற்றின் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுங்கள். கடன் தருகிறோம் என்று அடிக்கடி மெசேஜ் அனுப்பும் ஆப்பை போனிலிருந்தே எடுத்துவிடுங்கள், மாதக் கடைசியில் அது கண்ணில் படாமல் இருக்கட்டும்.